அடக்குவதா, விரிப்பதா, வடிப்பதா? மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு வரும் அழற்சிக்கு எந்த வழி

"மூளையில் வெடித்த ரத்தக்குழாயை அடைத்தாயிற்று, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நோயாளியை இரண்டு வாரத்துக்கு ஐ.சி.யூ.வை விட்டு அனுப்ப மறுக்கிறார்கள். நான்காம் நாள் பிள்ளைகளை விசாரித்து, இட்லி கேட்டவர் ஏழாம் நாள் வாய் குழறுகிறார். வலது கையைத் தூக்கச் சொன்னால் பாதியில் தொய்ந்து விழுகிறது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு முதலில் தோன்றுவது, ஆபரேஷனில் ஏதோ கோளாறு என்பதுதான். பெரும்பாலும் காரணம் அது இல்லை. முதல் நாள் கசிந்த ரத்தம் மூளையின் ரத்தக்குழாய்களைச் சுற்றி அப்படியே கிடந்து, சிதைந்து, அழற்சியைக் கிளப்பியிருக்கிறது.

இந்த இரண்டாவது அடியைத் தடுக்க நாலைந்து வழிகள் பேசப்படுகின்றன. அழற்சியை மருந்தால் அடக்கலாம், சுருங்கிய குழாயை விரிக்கலாம், மூளையைத் தாங்க வைக்கலாம், கசிந்த ரத்தத்தையே வெளியே வடித்துவிடலாம். எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. ஐ.சி.யூ. வாசலில் கையெழுத்துக் கேட்கும்போது எதற்கு உடனே சரி சொல்லலாம், எதை நாமே வற்புறுத்தக் கூடாது என்று தெரிந்திருப்பது நல்லது.

இங்கே முக்கியமாகப் பேசுவது மூளையுறைக்கு அடியில் கசியும் வகையைப் பற்றி. டாக்டர்கள் சப்அரக்னாய்டு ஹெமரேஜ் என்பார்கள், கேஸ் ஷீட்டில் எஸ்.ஏ.எச். என்று இருக்கும். குழாய்ச் சுவரில் புடைத்த இடம், அதாவது அனியூரிசம், வெடிப்பதால் வருவது. பக்கவாதங்களில் சுமார் 5 சதவீதம்தான் இது. ஆனால் சராசரியாக 55 வயதை ஒட்டி வருவதால், சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கும் ஆளைச் சாய்த்துவிடுகிறது. மூளைத் திசுவுக்குள்ளேயே கசியும் வகைக்குக் கணக்கு வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கசிந்த ரத்தம் என்ன செய்கிறது

மூளையின் பெரிய ரத்தக்குழாய்கள் மூளையைச் சுற்றியுள்ள நீரில் மூழ்கித்தான் கிடக்கின்றன. அனியூரிசம் வெடித்தால் அந்த நீரில் ரத்தம் கலந்து, குழாய்களின் வெளிப்புறத்தில் கட்டியாகப் படிகிறது. இரண்டு மூன்று நாளில் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். உள்ளே இருந்த ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். குழாய்களைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது உறிஞ்சிவிடுகிறது. குழாயை இறுக்கும் எண்டோதீலின் என்ற பொருள் கூடுகிறது. ஹீமோகுளோபினிலிருந்து பிரியும் ஹீம், மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவை உசுப்புகிறது. குழாயின் உட்சுவர் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் புரதங்களை வெளியே நீட்டுகிறது. வந்த வெள்ளணுக்கள் அந்த இடத்திலேயே செத்து, கையில் இருந்த நச்சையெல்லாம் கொட்டுகின்றன. ரத்தத்திலும் மூளை நீரிலும் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் ஏறுகின்றன.

நாள் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. குழாய்ச் சுருக்கம் மூன்று நான்காம் நாளில் ஆரம்பித்து, ஏழு முதல் பத்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், மூன்று வாரத்துக்குள் தணிகிறது. ஆபரேஷன் முடிந்தும் ஐ.சி.யூ.வில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

இந்தச் சுருக்கத்தை முதன்முதலில் ஆஞ்சியோகிராம் படத்தில் பார்த்துச் சொன்னவர்கள் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்து டாக்டர்கள் எக்கரும் ரீமன்ஷ்னைடரும், 1951-ல். 1980-ல் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் சி.டி. படத்தில் தெரியும் ரத்தத்தின் அளவை வைத்து ஒரு தரவரிசை போட்டார். ரத்தம் எவ்வளவு தடிமனாகப் படிந்திருக்கிறதோ, சுருக்கம் வரும் வாய்ப்பும் அவ்வளவு. இன்றும் கேஸ் ஷீட்டில் 'ஃபிஷர் 3' என்று எழுதுவது அதைத்தான். எந்த வழி உங்கள் நோயாளிக்கு என்று யோசிக்க இந்த எண் அவசியம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஞ்சியோகிராமில் மூன்றில் இரண்டு பேருக்கும் மேல் ஓரளவு சுருக்கம் தெரிந்தாலும், அதனால் புதிதாகப் பலவீனமோ நினைவு மங்கலோ வருவது சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான். படத்தில் தெரியும் சுருக்கமும் ஆளுக்கு நேரும் சேதமும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம்தான் பின்னால் பல மருந்துகளைக் கவிழ்த்தது.

ஸ்டீராய்டு: எல்லாரும் கேட்பது

அழற்சி என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்குப் போட்டார்கள், மூட்டு வீக்கத்துக்குப் போட்டார்கள், மூளைக் கட்டிக்குப் போட்டதும் மறுநாளே எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் இதற்கு மட்டும் ஏன் போடவில்லை என்று சொந்தக்காரர் ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் சோதனைகளில் இருக்கிறது.

பாங்காக்கில் மூளைத் திசுக் கசிவு வந்த 93 பேரை வைத்து டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்தார்கள். 1987-ல் முடிவு வந்தது. சாவு குறையவில்லை. தொற்றும் சர்க்கரை ஏற்றமும் மட்டும் கூடின, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2004-ல் தலைக்காயத்துக்கு 10,008 பேரை வைத்து நடந்த கிராஷ் சோதனை இன்னும் கசப்பானது. மீதைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. மண்டையோட்டுக்கு அடியில் பழைய ரத்தம் தேங்கும் நோய்க்கு 2020-ல் பிரிட்டனில் 748 பேரிடம் டெக்ஸாமெதசோனைப் பார்த்தபோதும் மருந்து பெற்றவர்களே பின்தங்கினார்கள்.

இவை மூன்றும் வேறு வேறு நோய்கள், நம்முடையதற்கு நேர்ப் பதில் இல்லை என்று வாதிடலாம். எஸ்.ஏ.எச்.சுக்கு என்றே 2010-ல் பிரான்சில் 95 பேரிடம் நடந்த சிறு சோதனை உண்டு. ஸ்டீராய்டு அறிகுறியுள்ள சுருக்கத்தைக் குறைக்கவில்லை. ஓராண்டு கழித்து அன்றாடச் செயல்பாட்டில் கொஞ்சம் நன்மை தெரிந்த மாதிரி இருந்தது. 95 பேரை வைத்துக்கொண்டு அதைப் பெரிதாகப் பேச முடியாது. என் கணிப்பு: ஆராய்ச்சிக்கு வெளியே இதைக் கேட்டு வாங்கத் தேவையில்லை. 'நீங்கள் ஸ்டீராய்டே போடவில்லையே' என்று டாக்டரை நெருக்கி, அவர் மனசு இளகிப் போட்டுவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஏற்கனவே சர்க்கரை இருப்பவர் என்றால் இன்னும் மோசம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். அழற்சி கசிவுக்குப் பின்னால் வராமல், கசிவுக்கே காரணமாக இருக்கும் நோய்கள் இருக்கின்றன. வயதானவர்களின் மூளைக் குழாய்ச் சுவரில் அமிலாய்டு புரதம் படிந்து, உடம்பு அதை எதிர்த்துப் போராடும்போது வரும் அழற்சி ஒன்று. எங்கும் பரவாமல் மூளைக் குழாய்களை மட்டும் தாக்கும் வாஸ்குலைட்டிஸ் மற்றொன்று. சில வாரங்களாகக் குழப்பம், தலைவலி, வலிப்பு என்று வந்தவரின் எம்.ஆர்.ஐ.யில் நுண் கசிவுப் புள்ளிகளும் ஒரு பக்கமாக வீக்கமும் தெரிந்தால் அமிலாய்டு வகையைச் சந்தேகிப்பார்கள். அங்கே ஸ்டீராய்டுதான் முதல் மருந்து, பலருக்குக் கேட்கவும் செய்கிறது. 'பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் மூளையில் ரத்தம் கசிந்தது, ஸ்டீராய்டு போட்டுத்தான் பிழைத்தார்' என்று யாராவது சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது வேறு நோயாக இருந்திருக்கும்.

அடக்கும் மற்ற மருந்துகள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. சிறு சோதனைகளில் நம்பிக்கை தந்தது. ஸ்டாஷ் என்ற சோதனையில் 803 பேரை வைத்துச் சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி.யைச் சோதித்துப் பார்த்தார்கள், 2014-ல் வந்த முடிவில் எந்த நன்மையும் இல்லை. ஏற்கனவே இதயத்துக்காகச் சாப்பிட்டு வந்தவர் தொடரலாம், புதிதாகத் தொடங்க இது ஒரு காரணம் இல்லை. மெக்னீசியம் கதையும் அதே: ஆயிரத்து இருநூறு பேரை வைத்து 2012-ல் முடிந்த மாஷ்-2 அதை ஓரங்கட்டிவிட்டது.

இன்டர்லூகின்-1 என்ற சமிக்ஞையை மட்டும் குறிவைக்கும் அனாகின்ரா ஊசிதான் இந்தப் பிரிவில் யோசனையாகச் சுவாரசியமானது. பிரிட்டனில் 136 பேரை வைத்து, நாளைக்கு இரண்டு முறை தோலுக்கடியில் போட்டுச் சோதித்தார்கள். ஊசி பெற்றவர்களின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 தெளிவாகக் குறைந்தது. ஆட்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள், நன்றாக நடந்தார்கள் என்று அந்தச் சோதனையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லேப் ரிப்போர்ட்டில் எண் இறங்குவதற்கும் ஆள் எழுந்து நடப்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

குழாயை விரிப்பது

அழற்சியின் விளைவாகக் குழாய் சுருங்குகிறது, சுருக்கத்தால் மூளைக்கு ரத்தம் குறைகிறது. ஆகவே சுருக்கத்தை நீக்கினால் பிரச்சினை தீரும். கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது!

கிளாசோசென்டான் இந்த எண்ணத்தில் பிறந்த மருந்து. எண்டோதீலினின் வேலையைத் தடுக்கிறது. 2008-ல் வெளியான முதல் பெரிய சோதனையில், அதிக அளவு பெற்றவர்களுக்கு ஆஞ்சியோகிராமில் தெரியும் மிதமான, கடுமையான சுருக்கம் 65 சதவீதம் குறைந்தது. படத்தைப் பார்த்த எல்லாருக்கும் உற்சாகம். மூன்று ஆண்டு கழித்து 1,157 பேரை வைத்து அடுத்த சோதனை வந்தது. படத்தை அல்லாமல் ஆட்களை எண்ணினார்கள். வித்தியாசமே இல்லை. மருந்து பெற்றவர்களுக்கு நுரையீரலில் நீர் கோப்பதும் ரத்த அழுத்தம் இறங்குவதும் ரத்தசோகையும் கூடுதலாக வந்தன. வாய்க்காலை அகலப்படுத்தியும் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராத கதை. பெரிய குழாய் விரிந்தாலும், கீழே நுண்குழாய்களில் சின்னச் சின்ன உறைவுகள், அழற்சியால் வீங்கிய உட்சுவர், மூளை மேற்பரப்பில் அலை அலையாகப் பரவும் மின் அடங்கல் என்று சேதம் பல வழியில் நடந்துகொண்டே இருக்கிறது.

ஜப்பான்காரர்கள் விடவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, நீர்க்கோப்பைக் கண்காணித்துச் செய்த அவர்களது சோதனைகளில் பலன் தெரிந்தது, 2022 ஜனவரியில் அங்கே அனுமதியும் கிடைத்தது. அதற்குப் பிறகு மற்ற நாடுகளில் நடந்த ரியாக்ட் சோதனை மறுபடியும் தோற்றது. ஜப்பானில் 1995 முதலே ஃபாசுடில் என்ற இன்னொரு குழாய் விரிப்பு மருந்தும் புழக்கத்தில் இருக்கிறது. சிலோஸ்டசால் மாத்திரைக்கும் அங்கே சிறு சோதனைகளில் நல்ல பெயர். ஆக, இந்த நோயில் ஜப்பானிய வழக்கத்துக்கும் மற்ற நாடுகளின் வழக்கத்துக்கும் இடைவெளி உண்டு. 'வெளிநாட்டில் புது மருந்து இருக்கிறதாமே, வரவழைக்கலாமா' என்று அலைவதற்கு இப்போதைக்குத் தேவை இல்லை என்றே நினைக்கிறேன். அந்தச் சக்தியை வேறு இடத்தில் செலவிடலாம்.

ஏற்கனவே சுருக்கம் வந்து, ஆளும் மங்கிவிட்டார் என்றால் விஷயம் வேறு. அப்போது ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி, சுருங்கிய இடத்திலேயே மருந்தைப் பீய்ச்சுவார்கள், அல்லது சிறு பலூனால் விரிப்பார்கள். அது அவசர மீட்பு, அந்த நேரத்தில் ஒப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் சுருக்கம் வரும் முன்பே முன்னெச்சரிக்கையாகப் பலூன் போடுவது பலன் தரவில்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

நிமோடிபின்: பேரம் பேசக்கூடாத மாத்திரை

இதிலேயே மிகப் பழையதும் மிக எளியதும் இதுதான். 1989-ல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் 554 பேர். மூளையில் புதிய இன்ஃபார்க்ட், அதாவது ரத்தம் கிடைக்காமல் செத்த பகுதி, மருந்து பெறாதவர்களில் 33 சதவீதம் பேருக்கு, பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு. மோசமான முடிவு 33-லிருந்து 20 சதவீதமாக இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், ஆஞ்சியோகிராமில் சுருக்கத்தை இது பெரிதாக மாற்றுவதில்லை. குழாயை விரிக்கும் மருந்தாகக் கண்டுபிடித்தார்கள், வேலை செய்வதோ மூளைச் செல்களைத் தாங்க வைப்பதன் மூலமாக இருக்கலாம். கிளாசோசென்டான் படத்தை அழகாக்கி ஆளைக் கைவிட்டது. நிமோடிபின் படத்தைத் தொடாமல் ஆளைக் காக்கிறது.

நடைமுறையில் இதில்தான் நிறைய தவறுகிறது. அளவு 60 மி.கி., நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். கையில் கிடைப்பது 30 மி.கி. மாத்திரை. வேளைக்கு இரண்டு, நாளைக்கு ஆறு வேளை, மொத்தம் 126 வேளை, 252 மாத்திரை. ராத்திரி 2 மணி வேளையும் இதில் அடக்கம். விழுங்க முடியாதவருக்கு நர்ஸ் மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் விட்டு, பின்னாலேயே கொஞ்சம் நீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் பாதி மருந்து குழாயின் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வாய்வழி மருந்தைத் தவறுதலாக நரம்பில் ஏற்றி உயிர் போன சம்பவங்கள் நடந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உறையிலேயே கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட வைத்தது.

ரத்த அழுத்தம் இறங்கினால் சிலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதில் 30 மி.கி.யாகப் பிரித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தருவது வழக்கத்தில் உள்ள மாற்று. 'நிறுத்திவிட்டோம்' என்று சொன்னால், பிரித்துத் தர முடியாதா என்று மரியாதையாக ஒருமுறை கேட்பதில் தப்பில்லை. வலிப்புக்குப் ஃபெனிட்டோயின் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது கல்லீரலை முடுக்கி நிமோடிபினை வேகமாகக் கரைத்துவிடும். 2023-ல் வந்த அமெரிக்க இதய சங்கத்தின் வழிகாட்டுதல், வலிப்பு வராமல் தடுக்க என்று ஃபெனிட்டோயின் கொடுப்பதையே இந்த நோயில் தவிர்க்கச் சொல்கிறது.

இன்னொன்று, 14-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினால் மாத்திரை இன்னும் ஏழு நாள் பாக்கி இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நடுராத்திரி வேளையை விட்டுவிடுவார்கள். மொபைலில் அலாரம் வைத்து எழுப்பிக் கொடுக்க வேண்டிய மாத்திரை இது.

வடிப்பது

அழற்சிக்குக் காரணம் கசிந்த ரத்தம். காரணத்தையே எடுத்துவிட்டால் என்ன? புதிய எண்ணம் இல்லை. மண்டையைத் திறந்து அனியூரிசத்துக்குக் கிளிப் போடும் சர்ஜன்கள் கட்டியைக் கையோடு கழுவி எடுக்கலாம் என்பது பழைய வாதம், ரத்தக்குழாய் வழியாகவே போய்க் கம்பிச் சுருளால் அனியூரிசத்தை அடைக்கும் காயிலிங் செய்தால் ரத்தம் அப்படியே உள்ளே கிடக்குமே என்பார்கள். தர்க்கம் சரி. ஆனால் 2,143 பேரை வைத்து 2002-ல் வந்த ஐசாட் சோதனையில், ஓராண்டு கழித்து இறந்தவர்கள் அல்லது பிறர் உதவியில் வாழ்பவர்கள் காயிலிங்கில் 23.7 சதவீதம், கிளிப்பிங்கில் 30.6. இரண்டுக்கும் ஏற்ற அனியூரிசம் என்றால் காயிலிங் பக்கம் சாய்வது இதனால்தான். ரத்தத்தைக் கழுவ மண்டையைத் திறக்க வேண்டியதில்லை, வேறு வழி வேண்டும்.

அந்த வழி இடுப்பில் இருந்தது. முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் ஊசி போட்டு, நூல் பருமனில் ஒரு குழாயை விட்டு, மூளை நீரைச் சொட்டுச் சொட்டாக வடிப்பது, அதாவது லம்பார் டிரெயின். மண்டையில் துளை போட்டு மூளையின் உள்ளறையிலிருந்து வடிக்கும் வழியும் உண்டு, நீர் தேங்கி அழுத்தம் ஏறினால் அதைத்தான் போடுவார்கள். ஆனால் கட்டியாகப் படிந்த ரத்தம் இருப்பது உள்ளறையில் அல்ல, மூளையின் அடித்தளத்தில். இடுப்பிலிருந்து இழுக்கும்போது நீர் அந்த அடித்தளத்தை அலசிக்கொண்டு கீழே இறங்குகிறது. முதல் நாட்களில் பையில் இறங்குவது சிவப்பாக இருக்கும், பிறகு ஆரஞ்சாகி, வெளிர் மஞ்சளாகத் தெளியும்.

2012-ல் பிரிட்டனில் 210 பேரிடம் செய்து பார்த்தபோது, பின்னால் வரும் பலவீனம் குறைந்தது, ஆறு மாத முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பலர் ஆர்வம் இழந்தார்கள். 2023-ல் வந்த எர்லிடிரெயின் அந்த எண்ணத்தை மாற்றியது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடா ஆஸ்பத்திரிகளில் 287 பேர். அனியூரிசத்தை அடைத்த பிறகு, கசிவு நடந்து 72 மணி நேரத்துக்குள் குழாய் போட்டு, மணிக்கு 5 மி.லி. வீதம் வடித்தார்கள். ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் வடித்தவர்களில் 32.6 சதவீதம், வடிக்காதவர்களில் 44.8. எட்டுப் பேருக்கு வடித்தால் ஒருவர் கூடுதலாகத் தன் காலில் நிற்கிறார் என்று கணக்கு. புது மருந்துகள் எதுவும் இந்த அளவுக்கு வரவில்லை. இந்த ஆய்வு அமெரிக்க வழிகாட்டுதல் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து வந்தது. ஆகவே வழிகாட்டுதலில் இதைத் தேடி, இல்லை என்று தள்ளிவிட வேண்டாம்.

எல்லாருக்கும் போடலாமா? கூடாது. அனியூரிசம் இன்னும் அடைபடாமல் இருந்தால் கூடாது. மூளையில் ஒரு பக்கம் ரத்தக்கட்டி அழுத்திக்கொண்டிருந்தாலும், நீர் வரும் பாதை மேலேயே அடைபட்டிருந்தாலும் கீழிருந்து இழுப்பது மூளையைக் கீழே சரிய வைக்கும், உயிருக்கே ஆபத்து. தொற்று பயமும் இருக்கிறது. அதைவிட முக்கியம் நர்ஸிங். பையின் உயரத்தைக் காதுக்கு நேராக அளந்து வைத்திருப்பார்கள். நோயாளியைப் புரட்டும்போது, சாய்த்து உட்கார வைக்கும்போது, சி.டி.க்குக் கொண்டுபோகும்போது குழாயை மூடிவிட வேண்டும். யாரோ கட்டிலை உயர்த்தி, பை கீழே தொங்கி, மூடி திறந்தே இருந்தால் ஒரு மணி நேரத்தில் வடிய வேண்டியதைப் போல் பல மடங்கு ஓடிவிடும். பார்க்கப் போகும் உறவினர் பாசத்தில் தலையணையை உயர்த்தி வைக்கும் பழக்கத்தை இங்கே அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். நாள் முழுக்கக் கண் வைக்க ஆள் இல்லாத வார்டில் லம்பார் டிரெயின் நல்ல தேர்வே இல்லை. சோதனையில் கிடைத்த பலன் அந்தக் கவனிப்போடு சேர்த்துக் கிடைத்தது.

யாருக்கு எது

சி.டி.யில் தடிமனான ரத்தம், காயில் போட்டாயிற்று, கட்டி அழுத்தம் இல்லை, நல்ல நியூரோ ஐ.சி.யூ. இருக்கிறது என்றால் நிமோடிபினோடு லம்பார் டிரெயின் பற்றி இரண்டாம் நாளுக்குள் கேளுங்கள். ஐந்தாம் நாள் கேட்டு என்ன பயன், சோதனையில் பலன் தந்தது 72 மணி நேரத்துக்குள் போட்ட குழாய். ரத்தம் மெல்லிய படலம்தான், ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால் ஒரு குழாயின் தொந்தரவும் தொற்று பயமும் தேவையா என்று டாக்டர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமே. அப்போது நிமோடிபினும், மூளைக் குழாய்களில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்க்க தினமும் செய்யும் டாப்ளர் பரிசோதனையும், உடம்பில் நீர்ச்சத்தும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்வதும் போதும். முன்பெல்லாம் நரம்பு வழியே நீரை நிரம்ப ஏற்றுவார்கள். இப்போது அளவாக வைத்திருப்பதே சரி என்று மாறிவிட்டார்கள்.

திசுவுக்குள் கசிந்திருந்தால்

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இந்த வகைதான், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தத்தால் மூளைக்குள்ளேயே கசிவது. உறைந்த ரத்தக்கட்டியைச் சுற்றி அழற்சி வீக்கம் நாளுக்கு நாள் வளரும். இங்கே குழாய்ச் சுருக்கம் முக்கியப் பிரச்சினை இல்லை, நிமோடிபினும் இதற்கான மருந்து இல்லை. கட்டியிலிருந்து வெளிவரும் இரும்பைப் பிடிக்கும் டெஃபராக்ஸமைனைச் சோதித்தார்கள், 2019-ல் வந்த முடிவில் 90 நாள் கணக்கில் எடுபடவில்லை. கட்டியை எடுப்பதா என்பதில்தான் புதுச் செய்தி: 2024-ல் வந்த என்ரிச் சோதனையில் 300 பேர். 24 மணி நேரத்துக்குள் சிறு துளை வழியாகக் கட்டியை எடுத்தது, மூளையின் மேற்பகுதியில் கசிந்தவர்களுக்கு உதவியது. ரத்த அழுத்தத்தால் வழக்கமாகக் கசியும் ஆழமான இடத்தில் பலன் தெரியாமல், அந்தப் பிரிவில் ஆள் சேர்ப்பதையே நடுவில் நிறுத்தினார்கள். 'அந்த ஆஸ்பத்திரியில் உறிஞ்சி எடுக்கிறார்களாம்' என்று கேள்விப்பட்டால், முதலில் சி.டி.யில் இடம் எது என்று கேளுங்கள்.

பளபளப்பு இல்லாத ஒரு வழி இதில் ஜெயித்தது. இந்தியாவும் இலங்கையும் உட்படப் பத்து நாடுகளில் 7,036 பேர் கலந்துகொண்ட இன்டராக்ட்-3. ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் அடக்குவது, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அதை முறிப்பது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள், ஆறு மாத நிலை மேம்பட்டது. எந்த மாவட்ட ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடியதுதான்.

எஸ்.ஏ.எச்.சுக்கு அப்படி இல்லை. காயிலிங், லம்பார் டிரெயின், நியூரோ ஐ.சி.யூ. மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் வேண்டும் என்பதால், நிறைய கேஸ் பார்க்கும் பெரிய மையத்துக்கு மாற்றுவது பற்றி முதல் நாளே முடிவெடுப்பது நல்லது. நிமோடிபினை மட்டும் இருக்கிற இடத்திலேயே ஆரம்பித்துவிடலாம். ஆம்புலன்ஸ் ஏறும் முன் கடைசி வேளை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று ரெஃபரல் தாளில் எழுதி வாங்குங்கள், போய்ச் சேரும் ஆஸ்பத்திரியில் அடுத்த வேளை தவறாமல் இருக்கும்.